காந்தமும் தோலின் இரத்த ஓட்டமும்: ஒரு 250 வருடக் கதை

காந்த வளையல், காந்தச் செருப்பு, காந்தப் படுக்கை... பொருள் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் விளம்பரத்தில் ஒரு வரி மட்டும் மாறவே மாறாது. "இரத்த ஓட்டத்தைச் சீராக்கும்!"

அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்திருப்பது பி.ஈ.எம்.எஃப். என்று சொல்லப்படும் துடிப்பு மின்காந்தப் புலச் சிகிச்சை. ஒரு பாய் அல்லது ஒரு வளையம், உள்ளே கம்பிச்சுருள், கூடவே ஒரு சிறிய மின்பெட்டி. கம்பிச்சுருளில் மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்தினால் அதைச் சுற்றி ஒரு காந்தப்புலம் தோன்றி மறையும், மறுபடி தோன்றி மறையும். உடலின் மேல் இதை வைத்தால் அந்த இடத்துத் தோலில் இரத்த ஓட்டம் கூடும், புண் ஆறும், வலி குறையும் என்கிறார்கள்.

இதைத் தேடிப் போகிறவர்கள் யார்? சர்க்கரை நோயால் காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாதவர்கள், எலும்பு முறிந்து கூடாதவர்கள், மூட்டு வலியோடு வாழ்கிறவர்கள். அதாவது, எது கிடைத்தாலும் முயன்று பார்த்துவிடலாம் என்ற நிலையில் இருப்பவர்கள். அதனால்தான் "இது உண்மையா?" என்ற கேள்வி முக்கியமாகிறது.

பதிலைத் தெரிந்துகொள்ள ஒரு பழைய கதைக்குள் போக வேண்டும். அந்தக் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காந்தம் நோயைக் குணப்படுத்தியதோ இல்லையோ, மருத்துவத்துக்கு ஒரு பெரிய பாடத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டது!

தோல் என்னும் சென்னை வானிலை

முதலில் தோலைப் பற்றிக் கொஞ்சம். உடம்பில் இரத்த ஓட்டம் மிக வேகமாக ஏறி இறங்கும் இடங்களில் ஒன்று தோல். சாதாரணமாக ஓய்வில் இருக்கும்போது உடல் முழுவதும் உள்ள தோலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 முதல் 500 மில்லிலிட்டர் இரத்தம் போகிறது. கடுமையான வெப்பத்தில் இதுவே 6 முதல் 8 லிட்டர் வரை உயரும். கிட்டத்தட்ட இருபது மடங்கு!

காரணம் எளிது. தோல்தான் உடம்பின் ரேடியேட்டர். உள்ளே சூடு அதிகமானால் இரத்த நாளங்கள் விரிந்து, சூட்டை வெளியே தள்ளும். குளிரில் அதே நாளங்கள் சுருங்கிச் சூட்டைக் காப்பாற்றும்.

சூடும் குளிரும் மட்டுமல்ல. பயந்தால் விரல்கள் சில்லிடும். வெட்கப்பட்டால் முகம் சிவக்கும். ஒரு சிகரெட் புகைத்தால் விரலுக்குப் போகும் இரத்தம் குறையும். சட்டென்று ஒரு பெருமூச்சு விட்டால்கூட விரல் நுனியில் இரத்த ஓட்டம் சில நொடிகள் இறங்கி ஏறும். இத்தனை காரணங்களால் ஆடும் ஒன்றை வைத்துக்கொண்டு, "இந்த மாற்றம் என் காந்தத்தால்தான் வந்தது" என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள். சென்னை வெயிலில் நிற்பவரிடம் விசிறியைக் கொடுத்துவிட்டு, அப்போது பார்த்துக் கடல்காற்று வந்தால் எதற்கு நன்றி சொல்வது?

பாரிஸ், 1784

1774ல் வியன்னாவில் ஃபிரான்ஸ் அன்டன் மெஸ்மர் என்ற டாக்டர் ஒரு பெண் நோயாளியின் உடலில் காந்தங்களை வைத்துச் சிகிச்சை செய்தார். காந்தங்களைச் செய்து கொடுத்தவர் மாக்சிமிலியன் ஹெல் என்ற பாதிரியார், வானியல் அறிஞர். நோயாளிக்குக் குணம் தெரிந்தது. கொஞ்ச நாளிலேயே மெஸ்மர் ஒரு படி மேலே போனார். காந்தமே வேண்டாம், தன் உடம்பிலேயே ஒரு காந்த சக்தி இருக்கிறது, அதைக் கையாலேயே செலுத்த முடியும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

1778ல் பாரிஸ் போனார். அங்கே கூட்டம் அலைமோதியது. நடுவில் ஒரு பெரிய மரத்தொட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகள், சுற்றிலும் நோயாளிகள். சிலருக்கு உடல் சூடாகும், சிலர் நடுங்குவார்கள், சிலர் மயங்கி விழுவார்கள். எழுந்ததும் குணமாகிவிட்டது என்பார்கள்.

1784ல் பதினாறாம் லூயி மன்னர் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். குழுவில் இருந்தவர்களின் பெயர்களைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், நவீன வேதியியலின் தந்தை லவாசியே, வானியலாளர் பெய்லி, பின்னாளில் கில்லட்டின் இயந்திரத்துக்குப் பெயர் கொடுத்த டாக்டர் கில்லட்டின்! (சில வருடங்களில் லவாசியேவும் பெய்லியும் அதே கில்லட்டினுக்குப் பலியானார்கள் என்பது வரலாற்றின் கொடுமை.)

ஃபிராங்க்ளினுக்கு அப்போது வயது 78. உடல்நிலை சரியில்லை. அதனால் சில சோதனைகள் பாஸி என்ற இடத்தில் அவர் தங்கியிருந்த வீட்டிலேயே நடந்தன. மெஸ்மர் வரவில்லை. அவருடைய சீடர் டெஸ்லோன் வந்தார். தோட்டத்தில் ஒரு மரத்துக்கு அவர் "காந்த சக்தி" ஏற்றினார். பிறகு 12 வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்தார்கள். சக்தி ஏற்றிய மரம் எது என்று அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடித்தான். வியர்த்தது, தலை வலித்தது. நான்காவது மரத்தில் மயங்கியே விழுந்துவிட்டான். ஆனால் சக்தி ஏற்றிய மரம் அதுவல்ல. அது தூரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது!

குழு சொன்ன முடிவின் சாரம் இதுதான். காந்தம் இல்லாமல் கற்பனை மட்டும் இருந்தாலே உடம்பில் விளைவு வருகிறது. கற்பனை இல்லாமல் காந்தம் மட்டும் இருந்தால் ஒன்றும் வருவதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பையன் நடிக்கவில்லை. வியர்வை நிஜம், மயக்கமும் நிஜம். காரணம்தான் வேறு. கண்ணைக் கட்டாமல் சோதித்திருந்தால் இது தெரிந்திருக்காது.

மரக்குச்சியின் வெற்றி

அடுத்த காட்சி அமெரிக்காவில். கனெக்டிகட்டைச் சேர்ந்த டாக்டர் எலிஷா பெர்கின்ஸ் 1796ல் இரண்டு சிறிய உலோகக் குச்சிகளுக்குக் காப்புரிமை வாங்கினார். வலிக்கும் இடத்தில் தோலின் மேல் இவற்றால் தடவினால் கெட்ட மின்சக்தி வெளியேறிவிடுமாம். அவருடைய மகன் லண்டனில் ஒரு ஜோடியை 5 கினிக்கு விற்றார். சில அங்குல உலோகத்துக்கு அந்தக் காலத்தில் அது பெரிய பணம். உற்பத்திச் செலவையும் விற்பனை விலையையும் ஒப்பிட்டால், இதைவிட நல்ல வியாபாரம் இருந்திருக்க முடியாது!

ஜான் ஹேகார்த் என்ற டாக்டர் 1799 ஜனவரியில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஒரு காரியம் செய்தார. அதே வடிவத்தில் மரக்குச்சிகள் செய்து, உலோகம் போலத் தெரியும்படி வண்ணம் பூசினார். நாள்பட்ட வாத நோயாளிகள் ஐந்து பேருக்கு அவற்றால் தடவினார்கள். நான்கு பேருக்கு வலி குறைந்தது. மறுநாள் நிஜமான உலோகக் குச்சிகளால் தடவினார்கள். முடிவு கிட்டத்தட்ட அதேதான்.

பாரிஸில் கண்ணைக் கட்டினார்கள். பாத் நகரத்தில் போலிப் பொருளைச் செய்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இன்று எல்லா மருந்துகளுக்கும் நடக்கும் ஒப்பீட்டுச் சோதனையின் அடிப்படை. மாத்திரைகளுக்குச் சர்க்கரை மாத்திரை என்றால், இயந்திரங்களுக்குப் போலி இயந்திரம். வெளியே விளக்கு எரியும், உள்ளே ஒன்றும் இருக்காது.

ஃபாரடே வந்தார், கதை மாறியது

அப்படியானால் காந்தச் சிகிச்சை எல்லாமே கற்பனைதானா? அவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாது. ஏனென்றால் 1831ல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். காந்தப்புலம் மாறும்போது அருகில் உள்ள கடத்தியில் மின்சாரம் உண்டாகும். மாறாமல் சும்மா இருந்தால் உண்டாகாது.

மனித உடம்பும் உப்புநீர் நிறைந்த ஒரு கடத்திதான். ஆகவே அசையாத காந்தத்தைக் கையில் கட்டிக்கொள்வதும், துடிக்கும் காந்தப்புலத்தில் கையை வைப்பதும் இயற்பியல்படி ஒன்றல்ல. இரண்டாவதில் உடம்புக்குள் சிறிய மின்னோட்டம் நிச்சயம் உண்டாகும். 1896ல் பிரெஞ்சு விஞ்ஞானி தார்சோன்வால் இதைக் காட்டினார். வேகமாக மாறும் காந்தப்புலம் உள்ள பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை வைத்தவர்களுக்குக் கண்ணில் ஒளி மின்னுவது போலத் தெரிந்தது.

"இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, அதனால் காந்தம் அதை இழுக்கும்" என்ற வாதத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பு ஆணியில் இருக்கும் இரும்பு மாதிரி நடந்துகொள்ளாது. 1936ல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெல்லும் இதை அளந்தார்கள். ஆக்சிஜன் ஏற்றிய இரத்தத்தைக் காந்தம் மிக லேசாக விலக்கவே செய்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்தின் காந்தம் வளையல் காந்தத்தைவிடப் பல மடங்கு வலிமையானது. அதற்குள் படுத்தவர்களுக்கு இரத்தம் ஒரு பக்கமாக ஒதுங்குவதில்லையே!

சூடா, காந்தமா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயர் அதிர்வெண் மின்சாரத்தால் உடம்பின் உள்ளே சூடு கொடுக்கும் சிகிச்சை பிரபலமானது. அதில் தோல் சிவந்தது, இரத்த ஓட்டம் கூடியது. சந்தேகமே இல்லை. ஆனால் அது சூட்டின் வேலை. வெந்நீர் ஒத்தடமும் அதைச் செய்யும்.

1930களில் நியூயார்க்கைச் சேர்ந்த டாக்டர் ஆப்ரஹாம் கின்ஸ்பர்க்கும் இயற்பியலாளர் ஆர்தர் மிலினோவ்ஸ்கியும் ஒரு யோசனை செய்தார்கள். அலையைத் தொடர்ந்து செலுத்தாமல் சின்னச் சின்னத் துடிப்புகளாகச் செலுத்தினால் என்ன? இடைவெளியில் சூடு ஆறிவிடும். அப்போதும் பலன் வந்தால் அது சூட்டினால் அல்ல என்று சொல்லலாம் அல்லவா?

இந்த வழியில் வந்த டயாபல்ஸ் என்ற இயந்திரத்தில் ஒரு துடிப்பு 65 மைக்ரோநொடிதான். நொடிக்கு அதிகபட்சம் 600 துடிப்புகள். கணக்குப் போட்டால் ஒரு நொடியில் 4 சதவீத நேரம்தான் வேலை, மீதி 96 சதவீதமும் ஓய்வு. பெயரில் உள்ள "துடிப்பு" என்ற சொல்லுக்கு இதுதான் அர்த்தம்.

ஆனால் அந்த இயந்திரம் பல நோய்களுக்கு என்று விற்கப்பட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழக்குப் போட்டது. 1972ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் விற்பனைத் தடையை உறுதி செய்தது. பிறகு 1987ல், அறுவைச் சிகிச்சைக்குப் பின் தோலுக்கு அடியில் வரும் வீக்கத்துக்கும் வலிக்கும் மட்டும் என்ற சிறிய எல்லைக்குள் அனுமதி கிடைத்தது.

எலும்பு சொன்ன இரண்டு பதில்கள்

இதற்கிடையில் எலும்புத் துறையில் ஒரு திருப்பம். 1957ல் ஜப்பானில் ஃபுகாடா, யாசுடா இருவரும் எலும்பை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் உண்டாகிறது என்று கண்டார்கள். அப்படியென்றால் மின்சாரத்தால் எலும்பை வளர வைக்க முடியுமா? நியூயார்க்கில் ஆண்ட்ரூ பாசெட், ஆர்தர் பில்லா ஆகியோர் துடிப்புக் காந்தப்புலத்தை வைத்து நாய்களின் எலும்பில் சோதித்து 1974ல் முடிவை வெளியிட்டார்கள். கூடாத எலும்பு முறிவுகளுக்காக 1979ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அப்போதும் போலி இயந்திரச் சோதனை நடக்கவில்லை. அதைச் செய்தவர்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக் குழு. ஆன்டனி பார்க்கர், ஷராட் முதலியோர் 1984ல் வெளியிட்ட சோதனையில் 16 நோயாளிகள். நிஜ இயந்திரம் பெற்ற 9 பேரில் 5 பேருக்கு எலும்பு கூடியது. போலி இயந்திரம் பெற்ற 7 பேரில் 5 பேருக்குக் கூடியது! மரக்குச்சிக் கதை மறுபடியும் நடந்தது. இரு தரப்புக்கும் மாவுக்கட்டும் நீண்ட ஓய்வும் ஒன்றுபோலவே இருந்தன. வேலை செய்தது அதுவாகவே இருந்திருக்கலாம்.

கதை இங்கே முடிந்தால் சௌகரியமாக இருக்கும். ஆனால் அதே ஷராட் 1990ல் 45 பேரை வைத்து, மெதுவாகக் கூடும் முறிவுகளில் இன்னொரு சோதனையை வெளியிட்டார். இம்முறை நிஜ இயந்திரம் பெற்ற 20 பேரில் 9 பேருக்குக் கூடியது. போலி பெற்ற 25 பேரில் 3 பேருக்கு மட்டுமே. ஆக, போலி இயந்திரம் காந்தத்தின் எதிரி அல்ல. நன்மை இருந்தால் அதையும் அதுவேதான் காட்டிக்கொடுக்கும்.

லேசர் வந்து தோலுக்குள் எட்டிப் பார்த்தது

இனி தோலுக்கு வரலாம். இத்தனை வருடமும் தோலின் இரத்த ஓட்டத்தை அளக்க நல்ல வழி இல்லை. பெரும்பாலும் சிவந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான். 1975ல் மைக்கேல் ஸ்டெர்ன் என்பவர் லேசரைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். நம்மைத் தாண்டிப் போகும் ரயிலின் ஹாரன் சத்தம் மாறுவது போல, ஓடும் இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண்ணும் சற்று மாறும். அதை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடலாம். ஊசி வேண்டாம், காயம் வேண்டாம். இதுதான் லேசர் டாப்ளர் கருவி.

அமெரிக்காவில் ஹார்வி மேரோவிட்ஸ், லார்சன் இருவரும் 1992ல் இந்தக் கருவியோடு துடிப்பு மின்காந்தப் புலத்தைச் சோதித்தார்கள். தோலின் நுண்ணிய நாளங்களில் இரத்த ஓட்டம் கூடியது. 1995ல் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைச் சுற்றியுள்ள தோலிலும் அதிகரிப்பைக் கண்டார்கள். இரண்டுமே சிறிய, ஆரம்பநிலை ஆய்வுகள்.

அதே மேரோவிட்ஸ், எலும்பு ஆய்வில் பெயர் பெற்ற அதே பில்லாவோடு சேர்ந்து 2001ல் அசையாத காந்தத்தையும் சோதித்தார். ஆரோக்கியமானவர்களின் தோலில் அது இரத்த ஓட்டத்தை மாற்றவில்லை. காந்தச் சிகிச்சையில் ஆர்வம் உள்ளவர்களே செய்த சோதனை இது என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். வளையல், செருப்பு விற்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

2004ல் இரண்டு முக்கியமான ஆய்வுகள் வந்தன. ஒன்றில், மயக்கம் கொடுத்த எலிகளின் தசையில் உள்ள சிறு தமனிகளை நேராகவே பார்த்தார்கள். துடிப்புப் புலம் கொடுத்த 2 நிமிடத்தில் விட்டம் சுமார் 9 சதவீதம் விரிந்தது. போலி இயந்திரம் வைத்த எலிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. திசுவின் வெப்பநிலையும் மாறவில்லை. ஆக, சூடு அல்ல. மயக்கத்தில் இருக்கும் எலிக்குக் கற்பனையும் இல்லை! பாரிஸ் குழு கேட்ட கேள்விக்கு 220 வருடம் கழித்து ஒரு பதில். இன்னொரு ஆய்வில், இரத்தக் குழாயின் உட்சுவர் செல்கள் துடிப்புப் புலத்தில் புதிய நாளங்களை வளர்க்கும் ஒரு புரதத்தை அதிகமாக வெளியிட்டன.

எப்படி நடக்கிறது? செல்லுக்குள் கால்சியம் ஒரு புரதத்தோடு இணைவது வேகமாகி, அதனால் நைட்ரிக் ஆக்சைடு வெளியாகி, அது நாளத்தை விரிக்கிறது என்பது பில்லா முன்வைத்த விளக்கம். நைட்ரிக் ஆக்சைடு நாளங்களை விரிக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 1998ல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் காந்தத்துடிப்பு அதைத் தூண்டுகிறது என்ற முதல் படி இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

இரத்தம் ஓடினால் புண் ஆறிவிடுமா?

இதுதான் கடைசிக் கேள்வி, நோயாளிக்கு முக்கியமான கேள்வியும் இதுவே. 2015ல் ஹாங்காங்கில் சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்களில் ஒரு சோதனை நடந்தது. மொத்தம் 13 பேர். நிஜச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் புண் 18 சதவீதமும் போலி பெற்றவர்களுக்கு 10 சதவீதமும் சுருங்கின. தந்துகிகளில் இரத்தம் ஓடும் வேகமும் நிஜக் குழுவில் கூடியது. நம்பிக்கை தருகிற செய்திதான். ஆனால் 13 பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது.

அதே 2015ல், உலகில் நடந்த சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு, சிரைப் பிரச்சினையால் வரும் கால் புண்களுக்கு மின்காந்தச் சிகிச்சை பலன் தருமா என்று பார்த்தது. தேறியது மூன்றே சோதனைகள், 94 பேர். பலன் உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு.

இரத்த ஓட்டம் கூடுவதும் புண் ஆறுவதும் ஒன்றல்ல. இதை வியாபாரக் கணக்கில் சொன்னால், கடைக்கு ஆள் வருவது வேறு, விற்பனை ஆவது வேறு. சர்க்கரை நோய்ப் புண் ஆற, சர்க்கரைக் கட்டுப்பாடு வேண்டும், கிருமி போக வேண்டும், புண்ணின் மேல் உடல் எடை அழுத்தாமல் இருக்க வேண்டும், பெரிய நாளத்தில் அடைப்பு இருந்தால் அது திறக்கப்பட வேண்டும். தோலின் சிறு நாளம் கொஞ்சம் விரிவது இவற்றில் எதற்கும் மாற்று ஆகாது. பாயை நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டால் போவது பணம் மட்டுமல்ல, சில சமயம் காலும்தான். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த இயந்திரங்களின் பக்கமே போகக்கூடாது.

முடிவாக

250 வருடக் கதையைச் சுருக்கினால் இவ்வளவுதான். அசையாத காந்தம் தோலின் இரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. துடிக்கும் காந்தப்புலம் சிறு நாளங்களை ஓரளவு விரிக்கக்கூடும் என்பதற்குச் சில ஆதாரங்கள் உண்டு. அதனால் புண் ஆறும் என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. "முழுக்க ஏமாற்று" என்பதும் தவறு, "அதிசயச் சிகிச்சை" என்பதும் தவறு.

இனி யாராவது ஒரு காந்தக் கருவியை நீட்டி "இரத்த ஓட்டம் கூடும்" என்றால், குணமானவர்களின் கடிதங்களைப் படிக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்கள் மெஸ்மருக்கும் இருந்தார்கள், பெர்கின்ஸுக்கும் இருந்தார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "போலி இயந்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? எத்தனை பேரிடம்?"

ஒரு தோட்டத்து மரமும் வண்ணம் பூசிய மரக்குச்சியும் கற்றுக்கொடுத்த கேள்வி அது. கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை!